கொடுத்த பிறகும் வலிக்கிறதே!
வாசகர் கேள்வி பதில்

இந்தப் பகுதிக்கு எல்லா மதத்தாரும் எழுதுகிறீர்கள். நான் கிறிஸ்தவப் பெண். வாழ்நாளில் பெரும்பகுதியை மருத்துவமனை வார்டில் நர்ஸாகக் கழித்தவள். எனக்குத் தெரிந்த இடத்திலிருந்துதான் பதில் சொல்ல முடியும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த முறை வந்த கடிதங்களில் பலவும் ஒரே வேதனையைப் பேசுகின்றன. கடவுளுக்காக என்று நம்பி ஒன்றை விட்டுக்கொடுத்தோம். இப்போது கொடுத்த கையும் வலிக்கிறது, கும்பிடும் கையும் வலிக்கிறது. நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். யாரென்று அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: அம்மா, என் தாய் பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்ள என் ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டேன். பேசி முடித்த திருமணம் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் நின்றே போனது. அண்ணன்கள் இருவரும் பணம் அனுப்புகிறார்கள். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இதுதான் கடவுள் எனக்குக் காட்டிய வழி என்று மனதார ஏற்றுக்கொண்டேன். ஆனால் இப்போது ஜெபம் செய்ய உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது. மனமுவந்து கொடுத்துவிட்டுக் கோபப்பட்டால் அது காணிக்கையா? என் விசுவாசமே போய்விட்டதோ?

பதில்: மகளே, உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கோபம் வருகிறது என்கிறாய், யார் மேல் என்று எழுதவில்லை. அம்மா மேல் இல்லை. நின்றுபோன மாப்பிள்ளை மேலும் இல்லை, அவருக்காக ஒரு நல்ல வார்த்தைகூட எழுதியிருக்கிறாய். கோபம் கடவுள் மேல். அதை எழுதத்தான் உனக்குக் கை வரவில்லை.

எழுதலாம். சொல்லவும் சொல்லலாம். 'யோபுவின் பொறுமை' என்று நாம் பழமொழி போலச் சொல்கிறோம். பைபிளில் யோபுவின் நூலைத் திறந்து பார்த்தால், பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்த அவருடைய பொறுமை இரண்டாம் அதிகாரத்தோடு சரி. மூன்றாம் அதிகாரத்தில் அவர் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அங்கே தொடங்கி 31-ஆம் அதிகாரம் வரை கடவுளோடு வழக்குத்தான். அவருடைய நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் அவரோடு வாய் பேசாமல் உட்கார்ந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். அப்புறம் வாயைத் திறந்தார்கள். கடவுள் நியாயமானவர், உன்னிடம்தான் ஏதோ குறை இருக்க வேண்டும் என்று ஆளுக்கு ஆள் கடவுளுக்காகப் பரிந்து பேசினார்கள். முடிவில் கடவுளுக்கு யார் மேல் கோபம் வந்தது தெரியுமா? அந்த நண்பர்கள் மேல். யோபு பேசியதுபோல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று அவர்களைக் கண்டித்தார். சபித்து, அழுது, பதில் சொல் என்று கேட்டவனின் பேச்சுத்தான் சரியான பேச்சு என்று எண்ணப்பட்டது.

இது என் மதத்துக்கு மட்டும் உரியதும் இல்லை. சுந்தரர் பார்வையை இழந்த பிறகு ஊர் ஊராகத் தடவிக்கொண்டு போனார். காஞ்சியில் ஒரு கண் கிடைத்தது. திருவாரூருக்கு வந்து நின்று, மற்றக் கண்ணையும் தராத ஈசனைப் பார்த்து, நீர் நன்றாக வாழ்ந்து போம் என்று மனம் வெறுத்துப் பாடினார். அந்தப் பதிகத்தை யாரும் நீக்கவில்லை. ஏழாம் திருமுறையில் இருக்கிறது, பக்தியோடு பாடுகிறார்கள். குர்ஆனில் யாகூப் நபி, 'அழகிய பொறுமை' என்று சொன்னவரும் அவர்தான், மகன் யூசுப்பை நினைத்து அழுது கண் வெளுத்துப்போனவரும் அவர்தான். என் துக்கத்தை இறைவனிடம்தான் முறையிடுகிறேன் என்கிறார். முறையீடும் பொறுமையும் ஒரே மனிதரிடம் ஒரே நேரத்தில் இருந்திருக்கின்றன.

நான் வேலை பார்த்த வார்டில் உன்னைப் போல ஒரு பெண் இருந்தார். அவருடைய தாய்க்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. பக்கவாதத்தில் கை இறுக மூடிக்கொள்ளும். உள்ளங்கையில் வியர்வை தேங்கி நாற்றம் எடுக்கும், நகம் குத்திப் புண்ணாகும். அந்தப் பெண் தாயின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பார். கட்டைவிரலை முதலில் வெளியே எடுத்துவிட்டால் மற்ற விரல்கள் கொஞ்சம் இளகும், அதை அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, விரலிடுக்கை உலர்த்தி, சுருட்டிய துணியை உள்ளங்கையில் வைத்து மெதுவாக மூடுவார். இதைச் செய்யும்போதெல்லாம் தணிந்த குரலில் கடவுளைத் திட்டிக்கொண்டே இருப்பார். உனக்குக் கண் இல்லையா, இவள் உனக்கு என்ன குறை வைத்தாள் என்று. திட்டு நிற்கவில்லை, துடைப்பதும் நிற்கவில்லை. நான் கேட்ட ஜெபங்களில் அது ஒரு உயர்ந்த ஜெபம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இன்னொன்று, இதை நர்ஸாகச் சொல்கிறேன். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். இரவிலும் அப்படித்தான். ஆக, நீ தொடர்ந்து தூங்கி எத்தனை காலம் ஆயிற்று? எலியா தீர்க்கதரிசி உயிருக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு செடியின் கீழே உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். அப்போது வந்த தேவதூதன் விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் தூங்கினார், எழுப்பிச் சாப்பிட வைத்தான். மறுபடி தூங்கினார், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். பேச்செல்லாம் அதற்குப் பிறகு, நாற்பது நாள் நடந்து மலைக்குப் போன பிறகுதான்.

அதனால் உன் அண்ணன்களுக்கு எழுது. பணம் அனுப்புவது உதவிதான். இரவில் விழித்திருப்பது வேறு உதவி. வாரத்தில் சில இரவுகளுக்கு ஒரு பணியாளரை வைக்கப் பணம் கொடுக்கட்டும், அல்லது விடுமுறையில் ஒருவர் வந்து அம்மாவோடு இருக்கட்டும். இப்படிக் கேட்பது கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதாகாது. அம்மா விழுந்த அன்றைக்கு நீ சம்மதித்தாய். இதே வடிவத்தில் இன்னும் எத்தனை ஆண்டு என்று இப்போது யோசிக்க உனக்கு உரிமை இருக்கிறது. படிப்பைப் பற்றியும் உன் பல்கலைக்கழகத்தில் கேட்டுப் பார். விட்ட இடத்தில் தொடர வழி இருக்கிறதா என்று கேட்காமலே முடிந்துபோனதாக எண்ணாதே.

கேள்வி: என் கணவர் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் நல்ல பதவியில் இருந்தார். பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். என் இறைவனுக்கு நான் பதில் சொல்ல வேண்டும் என்று மறுத்துவிட்டு வேலையை விட்டு வந்துவிட்டார். எங்கள் வழிபாட்டுச் சபையில் எல்லோரும் அவரைப் பாராட்டுகிறார்கள். சேமிப்பு தீர்ந்தது, என் நகைகள் போயின, மகனைப் பள்ளி மாற்றினோம். நான் முகம் சுளித்தால், உனக்கு நம்பிக்கை போதாது என்கிறார். அவர் செய்தது சரி என்று எனக்கும் தெரிகிறது. ஆனாலும் பாராட்ட மனம் வரவில்லை. நான் கெட்டவளா?

பதில்: இல்லை சகோதரி. தியாகம் உங்கள் வீட்டில் இரண்டு பேர் செய்திருக்கிறீர்கள். பெயர் மட்டும் ஒருவருக்குப் போயிருக்கிறது.

ஆஸ்திரியாவில் ஃபிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் என்று ஒரு விவசாயி இருந்தார். 1943-இல் ஹிட்லரின் படைக்கு அழைப்பு வந்தபோது, இந்தப் போர் அநியாயம், என் விசுவாசம் இதற்கு இடம் தராது என்று மறுத்தார். உனக்கு மனைவியும் மூன்று பெண் குழந்தைகளும் இருக்கிறார்கள், அவர்களை நினைத்துப் பார் என்று சொந்தத் திருச்சபை ஆட்களே சொன்னார்கள். அவர் மாறவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 9-ஆம் தேதி அவரைத் தலைவெட்டிக் கொன்றார்கள். 2007-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கொடுத்தது.

இந்தக் கதையில் எனக்கு மறக்க முடியாதவர் அவருடைய மனைவி ஃபிரான்சிஸ்கா. ஆரம்பத்தில் அவரும் கணவர் மனம் மாற வேண்டும் என்றுதான் விரும்பினார். பிறகு, எல்லோரும் அவரை எதிர்க்கும்போது நானும் எதிர்த்தால் அவருக்கு யார் இருக்கிறார்கள் என்று துணை நின்றார். கணவர் போன பிறகு நிலத்தை உழுதது அவர், பிள்ளைகளை வளர்த்தது அவர். ஊரார் புறக்கணித்தார்கள், நீ நினைத்திருந்தால் அவனைத் தடுத்திருக்கலாம் என்று அவர் மேலேயே பழி போட்டவர்களும் உண்டு. போரில் இறந்தவர்களின் மனைவிமாருக்குக் கிடைத்த உதவித்தொகை 1950 வரை அவருக்கு மறுக்கப்பட்டது. பட்டம் கொடுத்த நாளில் 94 வயதில் தேவாலயத்தில் உட்கார்ந்திருந்தார். 2013-இல் தன் 100-ஆவது வயதில் இறந்தார். கணவருடைய தியாகம் ஒரு நாளில் முடிந்தது. இவருடையது எழுபது ஆண்டு நடந்தது. இதைச் சொல்வதால் அந்த மனிதரின் பெருமை ஒரு துளிகூடக் குறையாது.

இந்தப் பக்கத்தை உங்கள் கணவரிடம் கொடுங்கள். அவரிடம் நேரடியாகப் பேசுகிறேன்.

ஐயா, நீங்கள் செய்தது சரி. உங்களைப் போன்றவர்களால்தான் மற்றவர்களுக்கும் துணிச்சல் வருகிறது. ஆனால் உங்கள் கை சுத்தமாக இருப்பதற்காக உங்கள் மனைவியின் கழுத்து காலியாகியிருக்கிறது. அவரிடம் கேட்டுவிட்டா முடிவெடுத்தீர்கள்? அன்றைக்கு நேரம் இல்லாமல் போயிருக்கலாம். இன்றைக்கு இருக்கிறது. நம்பிக்கை போதாது என்ற அந்த வார்த்தையை இனிமேல் சொல்லாதீர்கள். வேண்டியதைச் செய்துவிட்டு வலிக்கிறது என்று சொல்கிறவருக்கு நம்பிக்கை எங்கே குறைந்தது? அடுத்த முறை சபையில் யாராவது பாராட்டினால், இது எங்கள் இருவரின் முடிவாக ஆனது என் மனைவியால்தான் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். உங்கள் தகுதிக்குக் குறைந்த வேலையானாலும் கிடைப்பதில் சேருங்கள். பொய்க் கையெழுத்தை மறுத்தது பக்தி. சின்ன வேலையை மறுப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

அப்புறம் சபைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கை தட்டினீர்கள், நல்லது. உங்களில் எத்தனை பேர் அவருக்கு ஒரு வேலை கேட்டு நாலு இடத்தில் பேசினீர்கள்?

கேள்வி: ஆபிரகாம் மகனைப் பலியிடப் போன கதையும், சிவனடியாருக்காகப் பிள்ளையை அறுத்துச் சமைத்த சிறுத்தொண்டர் கதையும் சிறு வயதிலிருந்து கேட்டவள் நான். இப்போது கையில் ஆறு மாதக் குழந்தை. கடவுள் என் பிள்ளையைக் கேட்டால் என்ன செய்வேன் என்ற பயம் பிடித்துக்கொண்டது. கொடுக்க மாட்டேன் என்றுதான் மனம் சொல்கிறது. இது பாவமா?

பதில்: உன் மனம் சொல்வது சரி அம்மா. அந்தக் கதைகளை நன்றாகக் கவனித்துப் பார். ஆபிரகாமின் கதையில் கத்தி இறங்குமுன் தடுக்கப்படுகிறது. குர்ஆன் சொல்லும் விதத்தில் இப்ராஹீம் நபி மகனிடமே, உன் கருத்து என்ன என்று கேட்கிறார். சிறுத்தொண்டர் கதையில் கூப்பிட்டதும் பிள்ளை பள்ளியிலிருந்து வருவதுபோல ஓடி வருகிறான். பிள்ளை இல்லாமல் கதையை முடிக்க, அதைச் சொன்னவர்களுக்கே மனம் வரவில்லை. பிள்ளை திரும்பாத கதையும் ஒன்று பைபிளில் உண்டு. யெப்தா என்ற தலைவன் போரில் வென்றால் வீட்டு வாசலிலிருந்து முதலில் எதிர்ப்படுவதைக் காணிக்கையாக்குவேன் என்று நேர்ந்துகொண்டான். எதிரே வந்தது அவன் ஒரே மகள். அங்கே வானத்திலிருந்து யாரும் தடுக்கவில்லை. அப்படிச் செய் என்று கடவுள் கேட்கவும் இல்லை. பேசியது அவன் வாய், போனது அவள் உயிர். ஆண்டுதோறும் பெண்கள் நாலு நாள் அவளுக்காகத் துக்கம் கொண்டாடினார்கள் என்று மட்டும் எழுதியிருக்கிறது. பிள்ளைகளை நெருப்பில் இடுவதைப் பற்றி, நான் கட்டளையிடவும் இல்லை, என் மனதில் தோன்றவும் இல்லை என்று எரேமியாவின் நூலில் கடவுளே சொல்கிறார்.

சிபிச் சக்கரவர்த்தியை நினைத்துக்கொள். புறாவுக்காகத் தராசில் வைத்தது தன் தொடைச் சதையை. அரண்மனையில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள், யாரையும் அறுத்து வைக்கவில்லை. காணிக்கை என்றால் தன்னுடையதைக் கொடுப்பது. உன் பிள்ளை உன்னுடைய பொருள் இல்லை, அவனைக் கொடுக்கச் சொல்லி ஒரு குரல் கேட்டால் அது எந்தக் குரலாக இருந்தாலும் கேட்காதே.

ஒன்று கேட்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட பயம் விடாமல் சுற்றுகிறதா, தூக்கம் வரவில்லையா, குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும் அல்லது நானே ஏதாவது செய்துவிடுவேன் என்ற நினைப்பு வருகிறதா? அப்படியானால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் சொல். பிரசவத்துக்குப் பிறகு பல தாய்மாருக்கு வருவதுதான், குணப்படுத்த முடியும். வீட்டில் ஒருவரிடமாவது இன்றே சொல்லிவிடு. உண்மையிலேயே ஒரு குரல் காதில் கேட்கிறது என்றால் தனியாக இருக்காதே, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: என் மகளுக்கு 12 வயது, முதல் வகை நீரிழிவு. எங்கள் ஜெபக் குழுத் தலைவர், ஊசியை நிறுத்துவதுதான் உன் விசுவாசத்துக்குச் சோதனை, ஆபிரகாமைப் போல நில் என்கிறார். என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை.

பதில்: உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள். ஊசியை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு இப்போதே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். வாந்தி, வயிற்றுவலி, ஆழமாக வாங்கும் மூச்சு, அசதி இவையெல்லாம் ஆபத்தின் அறிகுறிகள்.

முதல் வகையில் உடம்பு இன்சுலினைச் சுரப்பது கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. 1922 ஜனவரியில் டொரன்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன்னால் இந்த நோய் வந்த குழந்தைகள் மெலிந்து மெலிந்து இறந்தார்கள். அவர்களின் பெற்றோரும் ஜெபித்தவர்கள்தான். உங்கள் கையில் இருக்கும் மருந்துக்காகத்தான் ஜெபித்தார்கள்.

நீங்கள் பைபிள் படிப்பவர் என்பதால் கேட்கிறேன். ஆலயத்தின் உச்சியில் நிறுத்தி, குதி, கடவுள் காப்பாற்றுவார் என்று இயேசுவிடம் சொன்னது சாத்தான் அல்லவா? அவர் என்ன பதில் சொன்னார்? உன் தேவனைச் சோதிக்காதே என்றுதானே? ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவனை நம்பட்டுமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பிறகு நம்பு என்றார் நபிகள். உயிரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஓய்வு நாளின் விதிகளையும் மீறலாம் என்பது யூதர்களின் சட்டம். அந்தக் குழுத் தலைவரின் பேச்சு இவற்றில் எதோடும் சேரவில்லை. குழுவை விட்டு வெளியே வாருங்கள்.

கேள்வி: என் மனைவி தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது, பிழைத்தால் ஆண்டுதோறும் கால்நடையாகப் புனித யாத்திரை போவேன், வருமானத்தில் பாதியைக் கொடுப்பேன் என்று வேண்டிக்கொண்டேன். பிழைத்துவிட்டார். சில ஆண்டுகள் செய்தேன். இப்போது முழங்கால் தேய்ந்துவிட்டது, ஓய்வூதியம் மட்டுமே வருகிறது. நிறுத்தினால் மனைவிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நடுங்குகிறேன்.

பதில்: ஆகாது ஐயா. ஒரு முதியவர் தன் இரண்டு மகன்களின் தோளில் தொங்கியபடி தள்ளாடி நடந்து வந்ததை நபிகள் பார்த்தார். என்ன இது என்று கேட்டார். கஅபாவுக்கு நடந்தே போவதாக நேர்ந்துகொண்டார் என்றார்கள். இவர் தன்னைத் தானே வதைத்துக்கொள்வது இறைவனுக்குத் தேவையில்லை, வாகனத்தில் ஏறச் சொல்லுங்கள் என்றார். மோசேயின் சட்டத்தில் பொருத்தனைக்கு, அதாவது நேர்த்திக்கடனுக்கு, இவ்வளவு என்று தொகை குறித்த கையோடு, கட்ட முடியாத ஏழைக்கு அவன் சக்திக்குத் தக்கபடி ஆசாரியன் மதிப்பிடட்டும் என்றும் எழுதியிருக்கிறது. ஆட்டுக்கு வழியில்லாதவர் இரண்டு புறா கொண்டுவரலாம், அதற்கும் வழியில்லாதவர் கொஞ்சம் மாவு கொண்டுவரலாம். இயேசு பிறந்தபோது அவருடைய பெற்றோர் கொண்டுபோனதே புறாக் காணிக்கைதான்.

பேருந்திலோ காரிலோ போங்கள். பாதி வருமானம் என்பதை, முடிந்த அளவு என்று மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் மத குருவிடம் சொல்லி அவர் வாயால் கேட்டுக்கொண்டால் மனம் இன்னும் அமைதியாகும். மனைவியையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள், அவர் பிழைத்ததற்குத்தானே இத்தனையும்.

கேள்வி: எல்லாவற்றையும் விட்டு வந்து இறைபணியில் இருக்கிறேன். எத்தனையோ ஆண்டாக வழிபாட்டில் எந்த உணர்வும் இல்லை. தொடரலாமா?

பதில்: அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் வெளியானபோது உலகமே திகைத்தது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டு, 1997-இல் இறக்கும்வரை, பெரும்பாலும் உள்ளே வெறும் இருட்டுத்தான் என்று ஆன்ம குருமார்களிடம் எழுதியிருக்கிறார். அத்தனை ஆண்டும் அவர் தூக்கியெடுத்தவர்களுக்கு அந்த இருட்டு தெரியவில்லை. தொடருங்கள். ஆனால் அவரைப் போலவே நீங்களும் நம்பிக்கையான ஒருவரிடம் அதை முழுதாகச் சொல்லிவிடுங்கள். மனச்சோர்வு நோயாக இருக்குமோ என்று ஒரு மருத்துவரிடமும் கேளுங்கள், அதற்குச் சிகிச்சை வேறு.

கேள்வி: ஒரே மகள். பட்டப்படிப்பு முடித்ததும் கன்னியர் மடத்தில் சேரப் போகிறேன் என்கிறாள். அழைப்பு வந்தது அவளுக்கு. தியாகம் செய்ய வேண்டியது நானா? கோவிலுக்குப் போனால், பாக்கியசாலி அம்மா என்கிறார்கள். சிரித்துவிட்டு வந்து வீட்டில் அழுகிறேன்.

பதில்: சிரிக்க வேண்டாம் சகோதரி. பாக்கியம் என்று சொல்கிறவர்களிடம், எனக்கு இன்னும் அழுகைதான் வருகிறது என்று சொல்லுங்கள்.

புத்தருடைய தந்தை சுத்தோதனருக்கு உங்கள் வேதனை தெரியும். முதலில் மகன் போனார். பிறகு இன்னொரு மகன் நந்தனும் போனார். கடைசியில் சிறுவனான பேரன் ராகுலனுக்கும் துறவு கொடுத்துவிட்டார்கள். அப்போது அந்த முதியவர் மகனிடம் வந்து பேசினார். பிள்ளைப் பாசம் தோலை அறுக்கிறது, தோலை அறுத்துச் சதையை அறுக்கிறது, எலும்பை அறுத்து உள்ளே இருக்கும் மஜ்ஜைவரை போகிறது. இனிமேல் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளைகளுக்குத் துறவு கொடுக்காதீர்கள் என்று கேட்டார். புத்தர் மறுக்கவில்லை, அதையே விதியாக்கினார். துறவுக்கே வழிகாட்டியவர் ஒரு தகப்பனின் வலிக்குச் செவிகொடுத்து விதி செய்திருக்கிறார். பட்டினத்தார் எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போனவர், தாய்க்குக் கொள்ளி வைக்க வந்து நின்றார். அங்கே அவர் பாடியதைப் படித்தால் துறந்தவரின் குரலாகவா இருக்கிறது? பெற்ற பிள்ளையின் அழுகை அது.

மறுபக்கமும் உண்டு, மறைக்க மாட்டேன். மேலே சொன்ன அன்னை தெரசா 1928-இல் 18 வயதில் தாயிடம் விடைபெற்றார். அதன் பிறகு தாயைப் பார்க்கவே இல்லை. தாய் 1972-இல் அல்பேனியாவில் இறந்தார். இருவரும் சந்திக்க அந்த நாட்டு அரசு வழி விடவில்லை. உலகம் அன்னை என்று கூப்பிட்டவருக்குச் சொந்த அன்னையிடம் போக முடியவில்லை. இன்றைக்கு நிலைமை வேறு, பெரும்பாலான சபைகளில் வீட்டாரைப் பார்க்கவும் பேசவும் இடமுண்டு. ஆனால் சபைக்குச் சபை வழக்கம் மாறும்.

அதனால் செய்ய வேண்டியது இதுதான். மகள் போவதற்கு முன்பே அந்த மடத்தின் பொறுப்புச் சகோதரியை நீங்களும் மகளும் சேர்ந்து போய்ப் பாருங்கள். விடுமுறை எப்போது, போனில் பேசலாமா, எனக்கு உடம்பு சரியில்லாமல் போனால் அனுப்புவீர்களா, எந்த நாட்டுக்கு வேண்டுமானாலும் மாற்றுவீர்களா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். திருச்சபையின் சட்டமே அவசரப்படுவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நவசந்நியாசம் என்னும் தொடக்கப் பயிற்சி குறைந்தது 12 மாதம். அதன் பிறகு எடுக்கும் வார்த்தைப்பாடு, அதாவது துறவற உறுதிமொழி, தற்காலிகமானது, அது குறைந்தது மூன்று ஆண்டு. இறுதி வார்த்தைப்பாட்டுக்கு 21 வயதாவது நிரம்பியிருக்க வேண்டும். பயிற்சியின்போது எப்போது வேண்டுமானாலும், தற்காலிக வார்த்தைப்பாட்டின் காலம் முடியும்போதும் உங்கள் மகள் திரும்பி வரலாம். வந்தால் அது தோல்வியில்லை என்று இப்போதே அவளிடம் சொல்லி அனுப்புங்கள். வீட்டில் அவள் அறையை ஒழித்துவிட வேண்டாம்.

உங்கள் அழுகையையும் அவளிடம் மறைக்க வேண்டாம். போகாதே என்று காலைப் பிடிப்பது வேறு, நீ போவது எனக்கு வலிக்கிறது என்று சொல்வது வேறு. இரண்டாவதை அவள் புறப்படுமுன் ஒருமுறை சொல்லிவிடுங்கள். அம்மாவுக்கு வலித்தது என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.